ராணுவத்துக்கு சோலார்: முதிர்ச்சியை எப்படிக் கணிப்பது? பெங்களூரில் புதிதாக இந்த வேலைக்கு வந்தவர்களுக்கு

பீன்யாவிலோ ஜாலஹள்ளியிலோ ஒரு பவர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்த கொஞ்ச நாளில் இப்படி ஒரு வேலை உங்கள் மேசைக்கு வரலாம்: "ஆர்மிக்கு சோலார் கேக்கறாங்க. டெக்னாலஜி எந்த அளவுக்கு முதிர்ந்திருக்குன்னு பாத்து ஒரு ரிப்போர்ட் குடுங்க." கோயம்புத்தூரிலிருந்தோ ஓசூரிலிருந்தோ வந்து, கல்லூரியில் சோலார் செல்லின் சமன்பாட்டை மட்டும் படித்தவருக்கு எங்கே தொடங்குவது என்று புரியாது. தேடினால் ஒன்பது முதிர்ச்சி நிலைகள் கொண்ட ஓர் அட்டவணை கிடைக்கும். அதில் ஓர் எண்ணை வட்டமிட்டுக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அப்படிக் கொடுக்காதீர்கள்.

காரணம், "சோலார் முதிர்ந்த தொழில்நுட்பமா?" என்ற கேள்வியே அரைகுறையானது. பெல் ஆய்வகம் சிலிக்கான் செல்லை உலகுக்குக் காட்டியது 1954-ல். 1958 மார்ச்சில் பறந்த வான்கார்ட் 1 செயற்கைக்கோளைக் கட்டியது அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகம். அதில் பேட்டரியில் ஓடிய டிரான்ஸ்மிட்டர் அந்த ஆண்டே அடங்கிவிட்டது. சூரிய செல்லில் ஓடியது 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. ஆகவே செல்லுக்குச் சான்றிதழ் கொடுக்க நீங்களும் நானும் தேவையில்லை. நம்மிடம் கேட்பது வேறு: இந்த சிஸ்டம், இந்த உயரத்தில், இந்த லோடுக்கு, இந்த ஆட்கள் கையில் நிற்குமா? முதிர்ச்சி என்பது பேனலுக்கு மட்டும் உரிய குணம் அல்ல. பேனல், பேட்டரி, கன்ட்ரோலர், கேபிள், இடம், பருவம் எல்லாம் சேர்ந்த ஒரு கூட்டணிக்குத்தான் எண் கொடுக்க முடியும்.

முதல் படி: இடத்தையும் லோடையும் எழுதுங்கள்

படைப்பிரிவு எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் நீங்கள் எழுதி வைக்கக் கூடாது. உயரம் எவ்வளவு, மிகக் குறைந்த வெப்பநிலை எவ்வளவு, மிக அதிகம் எவ்வளவு, எத்தனை மாதம் பாதை மூடியிருக்கும், எந்தக் கருவி எத்தனை வாட் எத்தனை மணி நேரம் எடுக்கும் என்று மட்டும் கேளுங்கள். கணிப்புக்கு இவை போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லடாக் பக்கம் ஒரு சிறு காவல் நிலை. ரேடியோ, கேமரா, இரண்டு விளக்கு, சார்ஜர்கள் எல்லாம் சேர்த்துச் சராசரி 150 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 3.6 யூனிட், அதாவது 3.6 கிலோவாட்-மணி. குளிர்காலத்தில் முழு வெயிலுக்குச் சமமாக 4 மணி நேரம் கிடைக்கும், பனி, கேபிள், கன்ட்ரோலர் இழப்பெல்லாம் போக 65 சதவீதம் தேறும் என்று எடுத்தால், ஏறக்குறைய 1.4 கிலோவாட் பேனல் வேண்டும். 460 வாட் கண்ணாடி பேனல் மூன்று. மூன்றும் சேர்ந்து 70 கிலோவைத் தாண்டும். ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் நீளம். கோவேறு கழுதை முதுகில் அதை எப்படிக் கட்டுவீர்கள் என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

அடுத்து பேட்டரி. மூன்று நாள் மேகம் மூடினாலும் ஓட வேண்டும் என்றால் 10.8 யூனிட். பேட்டரியை 80 சதவீதத்துக்கு மேல் காலி செய்யக் கூடாது. குளிரில் அதிலும் 70 சதவீதம்தான் கைக்கு வரும். ஆக 19 யூனிட்டுக்கு மேல் வாங்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேக் ஒரு கிலோவுக்கு 115 வாட்-மணி என்று எடுத்தால் சுமார் 170 கிலோ.

இதே 3.6 யூனிட்டை டீசலில் எடுத்தால்? ஜெனரேட்டரை நாளுக்குக் கொஞ்ச நேரம் மட்டும் முழு லோடில் ஓட்டிச் சிறு பேட்டரியில் சேமித்தால், லிட்டருக்கு 2.5 யூனிட் என்ற கணக்கில் ஒன்றரை லிட்டர். பாதை மூடிய நான்கு மாதத்துக்கு 180 லிட்டர், அதாவது 150 கிலோ. எடை என்ற ஒரே அளவில் பார்த்தால் முதல் குளிர்காலத்தில் சோலார் தோற்கிறது. இரண்டாவது குளிர்காலத்தில்தான் வெல்கிறது. ஆனால் 150 வாட்டுக்காக ஒரு ஜெனரேட்டரை இருபத்து நான்கு மணி நேரமும் உருட்டிக்கொண்டிருக்கும் இடமாக இருந்தால் டீசல் இதைப்போலச் சில மடங்கு குடிக்கும். அப்போது முதல் ஆண்டிலேயே கணக்கு புரண்டுவிடும். அதனால் இப்போது ஜெனரேட்டரை எப்படி ஓட்டுகிறார்கள் என்று கேட்காமல் சோலாரின் பயனை எழுதாதீர்கள். பல விற்பனைப் பிரசுரங்கள் இந்த இடத்தைத்தான் வசதியாகத் தாண்டிப் போகின்றன.

எடைக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? அமெரிக்கத் தரைப்படையின் சுற்றுச்சூழல் கொள்கை நிறுவனம் 2009-ல் வெளியிட்ட ஆய்வு, ஆப்கானிஸ்தானில் 2007-ம் ஆண்டின் தரவை வைத்து, 24 எரிபொருள் வாகன அணிகளுக்கு ஓர் ஆள் வீதம் உயிரிழப்போ காயமோ நேர்ந்ததாகக் கணக்கிட்டது. அங்கே சோலாரின் மதிப்பு ரூபாயில் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டில் "யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் மிச்சம்" என்ற வரியை மட்டும் எழுதினால், படிக்கும் அதிகாரி பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

இரண்டாம் படி: சிஸ்டத்தைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

பேனல், பேனலைத் தாங்கும் சட்டம், இணைப்பான்கள், சார்ஜ் கன்ட்ரோலர், பேட்டரி, பேட்டரியைக் காக்கும் மின்னணுப் பலகை, இன்வெர்ட்டர், ஜெனரேட்டரோடு சேர்க்கும் சுவிட்ச், எல்லாவற்றையும் அடைக்கும் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் தனி வரி. கூட்டு எண், இருப்பதிலேயே மிகச் சிறிய எண்தான், சராசரி எடுக்காதீர்கள். எட்டு வரி ஒன்பதாக இருந்து பேட்டரி வரி ஐந்தாக இருந்தால் சிஸ்டம் ஐந்து. கடைசியாக "எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஓடியது" என்பதற்கும் ஒரு வரி வையுங்கள். தனித்தனியே தேர்ச்சி பெற்றவை சேர்ந்ததும் சண்டை போடுவது இந்தத் தொழிலில் அன்றாடம்.

மூன்றாம் படி: எண் கொடுப்பது

டி.ஆர்.எல். என்று எல்லோரும் சொல்லும் தொழில்நுட்ப முதிர்ச்சி அளவை நாசாவில் பிறந்தது. 1974-ல் ஸ்டான் சேடின் ஏழு நிலைகளாக வகுத்தார்; பிற்பாடு ஒன்பதானது. ஒன்று முதல் மூன்று வரை காகிதமும் ஆய்வக மேசையும். நான்கு, பாகங்களை ஆய்வகத்தில் இணைத்துக் காட்டியது. ஐந்து, ஆறு என்றால் பொருத்தமான சூழலில் ஓட்டிக் காட்டியது. ஏழு, உண்மையான பணிக்களத்தில் ப்ரோட்டோடைப் ஓடியது. எட்டு, முழு சிஸ்டமும் தகுதிச் சோதனைகளில் தேறியது. ஒன்பது, உண்மையான பணியில் பயன்பட்டு நிரூபித்தது.

சண்டையெல்லாம் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில்தான் நடக்கும். "பொருத்தமான சூழல்" என்றால் எது? பீன்யாவில் உங்கள் கம்பெனியின் மொட்டை மாடி கண்டிப்பாக அல்ல. பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில், வெயிலும் மிதம், குளிரும் மிதம், பாலைவன மணலும் கடல் உப்பும் இல்லாத ஊர். சோலாருக்கு இதைவிட இதமான இடம் கிடைப்பது அரிது. இங்கே ஓராண்டு ஓடியது என்பதை வைத்து நான்கு கொடுக்கலாம்; அதற்கு மேல் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

சில உதாரணங்கள் சொல்கிறேன். எண்கள் என் கணிப்பு, நீங்கள் வாதாடலாம்.

அடித்தள முகாமின் கூரையில் கண்ணாடி பேனல், பக்கத்தில் ஜெனரேட்டர். ஒன்பது. பேச்சே இல்லை.

உயரமான இடம் வேறு கதை. வட சிக்கிமில் 16,000 அடியில் ராணுவம் மும்பை ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து 56 கே.வி.ஏ. சோலார் நிலையம் ஒன்றை அமைத்தது. 2021-ல் செய்தி வந்தது. சேமிப்புக்கு வனேடியம் பேட்டரி. லடாக்கின் சூஷுலில் என்.டி.பி.சி. ராணுவத்துக்காக எடுத்திருக்கும் திட்டம் இன்னும் துணிச்சலானது: வெயில் நேரத்தில் ஹைட்ரஜன் தயாரித்து வைத்து, இரவில் எரிபொருள் கலத்தின் வழியே திரும்ப மின்சாரமாக்கி, 200 கிலோவாட்டை நாள் முழுவதும் தருவது. இடத்தின் உயரம் 4,400 மீட்டர் அளவில், வெப்பநிலை மைனஸ் 30 வரை இறங்கும். இதில் பேனல் ஒன்பது, ஹைட்ரஜன் தயாரிக்கும் எலக்ட்ரோலைசரும் எரிபொருள் கலமும் தனித்தனியே தெரிந்தவை; அந்த உயரத்தில், அந்தக் குளிரில், மூன்றும் ஒரே கட்டுப்பாட்டில் பல ஆண்டு ஓடுவதுதான் புதிது. முழு சிஸ்டத்துக்கு எண் கொடுக்கும்போது நான் பார்ப்பது எத்தனை குளிர்காலம் தாண்டியது என்பதை மட்டும்.

வீரர் முதுகில் சுருட்டி எடுத்துப்போகும் மடக்கு பேனல். அமெரிக்க மரைன் படை 2010-ல் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் ஒரு காலாட்படைக் கம்பெனிக்கு இவற்றைக் கொடுத்துப் போர்க்களத்திலேயே பயன்படுத்தியது. அதனால் அவர்களுடைய அந்தப் பொருள் ஒன்பது. உங்கள் கம்பெனி அதே மாதிரி ஒன்றைத் தைத்துக் கொண்டுவந்தால் அதற்கும் ஒன்பதா? இல்லை. வேறொருவர் பொருளின் நிலை உங்கள் பொருளுக்கு வாரிசுரிமையாக வராது. வேறு துணி, வேறு பசை, வேறு தையல் என்றால் நான்கிலிருந்து ஏறி வர வேண்டும்.

சூரிய விமானம். நம் ஊரிலேயே இருக்கும் தேசிய வான்வெளி ஆய்வகம், என்.ஏ.எல்., 2024 பிப்ரவரியில் சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரேயில் உள்ள சோதனைத் தளத்தில் ஒரு சிறிய வடிவத்தைப் பறக்கவிட்டது. எடை 23 கிலோ, பறந்தது எட்டரை மணி நேரம். நல்ல தொடக்கம். ஆனால் சூரிய விமானத்துக்கு உண்மையான பரீட்சை இரவுதான்; பகலில் சேர்த்த மின்சாரம் விடியும்வரை தாங்க வேண்டும், மறுநாள் மீண்டும் நிரம்ப வேண்டும். ஏர்பஸ்ஸின் ஸெஃபிர் 2022-ல் 64 நாள் வானில் இருந்து, பிறகு அரிசோனாவில் விழுந்து நொறுங்கியது. 64 நாளைக் கைதட்டிப் பாராட்டலாம். ஆனால் ஒன்பது என்று எழுத மனம் வராது, ஏனெனில் பணிக்கு வேண்டியது சாதனை அல்ல, நினைத்த தேதியில் ஏறி நினைத்த இடத்தில் இறங்குவது.

பெரோவ்ஸ்கைட் என்ற புதுவகைப் படிகப் பொருளால் செய்த செல். வெயிலை மின்சாரமாக்கும் திறன் 2009-ல் 3.8 சதவீதத்தில் தொடங்கி இப்போது ஆய்வகத்தில் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சிலிக்கானோடு அடுக்கிய பேனல்கள் வணிகத்துக்கு வரத் தொடங்கிவிட்டன. இங்கே ஆய்வகங்களில் வேலை பார்க்கும் நண்பர்கள் கண்ணில் பெருமையோடு காட்டுவார்கள், காட்டட்டும். ஈரமும் சூடும் அதற்கு இன்னும் எதிரி. ராணுவக் களத்துக்கு நான்குக்கு மேல் எழுத மாட்டேன்.

விண்வெளியிலிருந்து மின்சாரத்தை நுண்ணலையாக இறக்குவது பற்றியும் யாராவது கேட்பார்கள். 2020-ல் எக்ஸ்-37பி விண்கலத்தில் ஒரு சிறு தகடும், 2023-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தின் கருவியும் சுற்றுப்பாதையில் சோதனை செய்தன. ஒரு பத்தி எழுதிவிட்டுக் கடந்து போங்கள்.

நான்காம் படி: காகிதங்களைப் படிப்பது

சப்ளையர் ஒரு கட்டு சான்றிதழ் அனுப்புவார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கே நூற்றுக்கு நூறு பொருந்தும். ஆனாலும் ஏட்டை ஒழுங்காகப் படித்தாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

டேட்டாஷீட்டில் உள்ள வாட், செல் 25 டிகிரி செல்சியஸில் இருக்க, சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழும்போது அளந்தது. தார்ப் பாலைவனத்தில் மதியம் செல் 75 டிகிரிக்குப் போகும். டிகிரிக்கு 0.35 சதவீதம் இழப்பு என்றால் 17.5 சதவீதம் அங்கேயே போய்விட்டது. மேலே படியும் மணல் கணக்கு தனி.

குளிரில் தலைகீழ். வோல்டேஜ் ஏறும். ஓப்பன் சர்க்யூட்டில், அதாவது லோடு மாட்டாதபோது, 46 வோல்ட் தரும் மூன்று பேனலைத் தொடராகக் கட்டினால் 138 வோல்ட். கன்ட்ரோலர் 150 வோல்ட் தாங்கும் என்று போட்டிருக்கிறது. பெங்களூரின் டிசம்பர் விடியலில்கூட 145-க்கு மேல் போகாது. அதே மூன்று பேனல் மைனஸ் 30-ல், டிகிரிக்கு 0.27 சதவீதம் ஏறினால், 158 வோல்ட். முதல் பனிக்கால விடியலில், செல் சூடாகும் முன் வெயில் பட்ட அந்தச் சில நிமிடங்களில், கன்ட்ரோலர் காலி. இது ஒரு பள்ளிக்கூடக் கணக்கு. இதைச் செய்யாமல் மலைக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

பேட்டரிக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றலாமா? லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லை உறைகுளிரில் சார்ஜ் செய்தால் எதிர்மின்முனையில் லித்தியம் உலோகமாகப் படியும். செல்லின் ஆயுளும் போகும், ஆபத்தும் வரும். அதனால் ஹீட்டர் வேண்டும். ஹீட்டருக்கு மின்சாரம் எங்கிருந்து? அதே பேட்டரியிலிருந்து. அந்த லோடு முதல் படியில் நீங்கள் போட்ட 150 வாட்டில் இருக்கிறதா என்று திரும்பிப் போய்ப் பாருங்கள்.

ஐ.இ.சி. 61215 என்பது பேனலுக்கான அடிப்படைச் சான்று. மைனஸ் 40 முதல் 85 டிகிரி வரை 200 முறை ஏற்றி இறக்குவது, 85 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதத்தில் 1000 மணி நேரம், 25 மில்லிமீட்டர் ஐஸ் உருண்டை அடி என்றெல்லாம் அதில் உண்டு. கடலோரம், கப்பல் என்றால் உப்பு மூட்டத்துக்கான ஐ.இ.சி. 61701-ம் வேண்டும். நம் கடற்படையில் ஐ.என்.எஸ். சர்வேக்ஷக் கப்பலில் 2017-லேயே ஐந்து கிலோவாட் அளவில் சோலார் பொருத்தினார்கள். கப்பலில் முடியாது என்று யாராவது சொன்னால் அதைக் காட்டலாம். சான்றிதழில் கவனிக்க வேண்டியது தேதியோ முத்திரையோ அல்ல. சோதித்த பேனலின் பொருள் பட்டியலும் இப்போது விற்கும் பேனலின் பொருள் பட்டியலும் ஒன்றுதானா என்று கேளுங்கள். பின்தாளோ உறைப் பசையோ செல்லோ மாறியிருந்தால் சில சோதனைகளை மறுபடி செய்ய வேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதி. கேட்டதும் சப்ளையர் "பார்த்துச் சொல்கிறேன் சார்" என்று இழுத்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சதாசிவ நகரில் இருக்கும் மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனத்தின் ரிப்போர்ட்டுகள் சிலவற்றை சீனியர்களிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். நல்ல டெஸ்ட் ரிப்போர்ட் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்கமாகும்.

ஐந்தாம் படி: சிவில் சோதனைகள் கேட்காத கேள்விகள்

ராணுவ சோலார், வீட்டு சோலாரிலிருந்து பிரிவது இங்கேதான். புதியவர்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான்.

முதலில் ரேடியோ இரைச்சல். சார்ஜ் கன்ட்ரோலர் வினாடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி ஒட்டுகிறது. அந்த வெட்டின் எதிரொலிகள் ஷார்ட்வேவ் அலைவரிசை வரை போகும். பேனலிலிருந்து வரும் நீளமான கேபிள் அதற்கு இலவச ஆன்டெனா. வீட்டில் இதை யாரும் கவனிப்பதில்லை. காவல் நிலையில் இருப்பதே ரேடியோவுக்காக என்றால், பேட்டரியை நிரப்புகிற பெட்டியே ரேடியோவை ஊமையாக்கிவிடும். அமெரிக்க ராணுவத் தரமான மில்-ஸ்டாண்டர்ட் 461 இதற்கான அளவுகோல். அதில் கேபிள் வழி இரைச்சலுக்கு சி.இ. 102, காற்று வழி இரைச்சலுக்கு ஆர்.இ. 102 என்ற சோதனைகளை முதலில் பாருங்கள். அந்த ஆய்வகத்தில் நேரம் வாங்கப் பணமும் காத்திருப்பும் ஆகும். அதற்கு முன் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் ஒரு சாதாரண ஷார்ட்வேவ் ரேடியோவை வாங்கி கன்ட்ரோலர் பக்கத்தில் வையுங்கள். மெதுவாக அலைவரிசையைத் திருப்பிக்கொண்டே பேனலைத் துணியால் மூடித் திறந்து பாருங்கள். திறந்ததும் கரகரப்பு எழுந்தால் ஆய்வகத்துக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. இது முறையான அளவீடு ஆகாது. ஆனாலும் அவமானத்தைத் தவிர்க்கும்.

அடுத்து, கண்ணுக்குத் தெரிவது. வெயிலைப் பளிச்சென்று திருப்பும் கண்ணாடி கிலோமீட்டர் கணக்கில் காட்டிக்கொடுக்கும். பனியிலும் மணலிலும் கருப்புச் செவ்வகம் இயற்கையில் இல்லாத உருவம். பகலில் பேனல் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதால் வெப்பக் கேமராவிலும் தெரியும். உருமறைப்பு வலையைப் போர்த்தலாமே என்றால், வலையின் புள்ளி நிழலே தொடராகக் கட்டிய செல்களின் மின்சாரத்தைக் கடுமையாக இறக்கிவிடும். இதற்கு முழுத் தீர்வு இல்லை. முகாமுக்கு இது பெரிய விஷயமில்லை, எல்லை ஓரக் காவல் நிலைக்குப் பெரிய விஷயம். எனவே ஒரே பொருளுக்கு இரண்டு இடங்களில் இரண்டு எண் வரலாம். வரட்டும், அப்படியே எழுதுங்கள்.

குண்டோ சிதறலோ பட்டால் என்ன ஆகும் என்றும் கேட்பார்கள். எல்லாப் பேனலையும் ஒரே தொடராகக் கட்டியிருந்தால் ஓர் ஓட்டை முழு நிலையத்தையும் நிறுத்தலாம். இணையாகப் பிரித்துக் கட்டியிருந்தால் ஒரு பங்குதான் போகும். இது பேனலின் குணம் இல்லை, கட்டுகிறவரின் புத்தி.

பிறகு கை. கனத்த கையுறை போட்ட கையால் இணைப்பானை மாட்ட முடிகிறதா? கூரைப் பேனல்களில் வரும் வழக்கமான இணைப்பானைக் கழற்றக் கருவி வேண்டும், குளிரில் அதன் பிளாஸ்டிக் விறைக்கும். இரவில், டார்ச் இல்லாமல், முனை மாற்றி மாட்டவே முடியாதபடி வடிவம் இருக்கிறதா? பழுது என்றால் போனில் செயலி திறந்து பார்க்கச் சொல்கிறதா? அங்கே போன் இருக்காது.

இந்தக் கேள்விகளுக்கு இந்த ஊரில் உங்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது மெட்ராஸ் என்ஜினியர் குரூப். 1780-ல் தொடங்கிய படைப்பிரிவு, ராணுவம் முழுக்க அவர்களைத் "தம்பி" என்றே அழைப்பார்கள். ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் அல்சூரைச் சுற்றி நிறைய. அவர்களில் மலைப் பகுதியில் பணி செய்த ஓர் அண்ணனை அறிமுகம் பிடித்து, ரகசியம் எதையும் கேட்காமல், உங்கள் பெட்டியின் படத்தை மட்டும் காட்டிப் பாருங்கள். வாட் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். "எத்தனை கிலோ? எத்தனை பேர் தூக்கணும்? கைப்பிடி எங்கே?" என்பார்கள். சோனம் வாங்சுக் 2021-ல் லடாக் வீரர்களுக்காகச் சூரிய வெப்பக் கூடாரம் செய்தபோது எந்தப் பாகமும் 30 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார். அது மின்சாரம் இல்லை, வெறும் வெப்பம். ஆனால் அந்த 30 கிலோ எல்லை நம் வேலைக்கும் நல்ல அளவுகோல்.

இவை போக, குலுக்கல், வீழ்ச்சி, தூசி, பூஞ்சை, தாழ்ந்த காற்றழுத்தம் எல்லாம் நம் முப்படைகளுக்கும் பொதுவான ஜே.எஸ்.எஸ். 55555 என்ற சோதனைத் தரத்தில் இருக்கின்றன, அமெரிக்க மில்-ஸ்டாண்டர்ட் 810-ம் அதே பாதை. காற்றழுத்தச் சோதனையை அலட்சியம் செய்யாதீர்கள். 5,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம்தான். விசிறி ஓடினாலும் சூடு அவ்வளவாக இறங்காது, வோல்டேஜ் தாவும் தூரமும் கூடும். குளிரான இடம்தானே, இன்வெர்ட்டர் சூடாகாது என்று நினைத்தால் ஏமாறுவீர்கள்.

ஆறாம் படி: தயாரிக்க முடியுமா, எங்கிருந்து வருகிறது

பத்து செய்து காட்டியவரால் ஆயிரம் செய்ய முடியுமா என்பது தனிக் கேள்வி. எம்.ஆர்.எல். என்ற உற்பத்தி முதிர்ச்சி அளவை அதற்காகவே இருக்கிறது, பத்து நிலைகள். செல் எந்த நாட்டில் செய்தது, அதன் வேஃபர் என்ற சிலிக்கான் தகடு எங்கிருந்து, கன்ட்ரோலரின் மென்பொருளை எழுதியது யார், இன்வெர்ட்டருக்குள் யாரும் சொல்லாத தொடர்புச் சில்லு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கடைசிக் கேள்வி வீண் பயம் இல்லை: சீன இன்வெர்ட்டர்கள் சிலவற்றில் ஆவணத்தில் இல்லாத தொடர்புக் கருவிகள் கிடைத்ததாக 2025 மே மாதம் அமெரிக்காவிலிருந்து செய்தி வந்தது. பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறை 2020-ன்படி, இந்தியாவிலேயே வடிவமைத்த பொருள் என்ற முதன்மைப் பிரிவில் விற்க உள்நாட்டுப் பங்கு குறைந்தது 50 சதவீதம் வேண்டும். பொருள் பட்டியலை விலையோடு வாங்காமல் இதைச் சொல்ல முடியாது.

ஏழாம் படி: எழுதுவது

எண் எதற்கு என்று தெரிந்தால் எழுதுவது சுலபம். மூன்று, நான்கில் இருப்பதை டி.ஆர்.டி.ஓ.வின் தொழில்நுட்ப வளர்ச்சி நிதி, 2018-ல் பாதுகாப்புத் துறை தொடங்கிய ஐடெக்ஸ் என்ற புத்தாக்கத் திட்டம் போன்ற வழிகளில் பணம் வாங்கி வளர்க்கலாம். ஆறு, ஏழில் இருப்பதை ஃபீல்டு ட்ரையலுக்கு அனுப்பலாம். அங்கே பயன்பாட்டுச் சோதனை மட்டுமல்ல, பெட்டியைத் திறந்து பழுது பார்க்க வசதியாக இருக்கிறதா என்றும் ராணுவத்தின் பழுதுபார்க்கும் பிரிவான ஈ.எம்.ஈ. பார்க்கும். எட்டு, ஒன்பதை நேராக வாங்கலாம். நான்கில் இருப்பதை ஏழு என்று எழுதினால் ட்ரையலில் கம்பெனி மாட்டும். எட்டில் இருப்பதை ஐந்து என்று எழுதினால், இருக்கும் பொருளை மறுபடி கண்டுபிடிக்க இரண்டு ஆண்டு போகும். இரண்டாவது தவறை யாரும் கண்டிப்பதில்லை என்பதால் புதியவர்கள் பயந்து குறைத்து எழுதுவார்கள். அதுவும் தவறுதான்.

ஒரே பக்கம். இடது பக்கத்தில் பாகங்கள். ஒவ்வொன்றுக்கும் எண், எந்த ஆதாரத்தால் அந்த எண், ஆதாரம் எந்த உயரத்தில் எந்த மாதத்தில் எடுத்தது, அடுத்த நிலைக்குப் போக என்ன சோதனை, எவ்வளவு கடினம். ஆதாரம் இல்லாத கட்டத்தைக் காலியாக விடுங்கள். "தொழில்துறை வழக்கப்படி" என்று நிரப்பாதீர்கள். ஒவ்வோர் எண்ணும் எந்தப் பொருள் பட்டியலுக்கு என்பதையும் குறியுங்கள். கொள்முதல் பிரிவு விலை குறைவு என்று நாளை பேட்டரி செல்லை மாற்றினால் பேட்டரி வரியும் கூட்டு வரியும் நான்குக்கு இறங்கும். அதைச் சொல்ல அப்போது அந்தக் குறிப்பு வேண்டும்.

லடாக் சிஸ்டம் என்றால் அடுத்த ட்ரையலின் மாதத்தை ஜனவரி என்று போடுங்கள். ஜூலையில் லே நகரில் எடுத்த அளவீடுகள் குளிரைப் பற்றி எதுவும் சொல்லாது. ஏப்ரல் வரை தள்ளினால் மறுபடி ஓராண்டு காத்திருக்க வேண்டும். ஜனவரி ட்ரையலுக்கு அக்டோபருக்குள் குளிர் அறைச் சோதனை முடிந்து, சாமான்கள் பாதை மூடும் முன் மேலே போயிருக்க வேண்டும். அப்படியென்றால் அறைக்கான தேதியை ஆகஸ்டிலேயே பதிவு செய்யுங்கள்.